நடுவில் ஒரு நாற்காலி

ஜனவரி 19

அக்காவுக்கு,

போனை நீ எடுக்கவில்லை. கடை நம்பருக்கு அடித்தேன். உன்னோடு வேலை செய்கிற பெண் எடுத்து, "அக்கா இன்னும் வரலையே" என்றாள். பின்னாலேயே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உன் மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? சரி, கோபம் இருக்கட்டும். கடிதத்தையாவது கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

அப்பாவை மனநல வார்டில் சேர்த்தது உனக்குத் துரோகமாகப் படுகிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நீதான் எழுதியிருந்தாய்: அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார், பிடிதுணியில் நெருப்புப் பிடித்து ஜன்னல் திரைவரை ஏறிவிட்டது, கேட்டால் "உங்கம்மா பாத்துக்கறேன்னு சொன்னா" என்கிறார் என்று. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. "எனக்குப் பயமா இருக்குடி, வந்து பாரு" என்ற உன் கடைசி வரியைப் படித்துத்தான் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். மனநலக் கேள்வித்தாள். எந்த நாட்டுக்காரரானாலும், எந்த மொழி பேசினாலும் அதே கேள்விகள், அதே வரிசை. இருதயம் எங்கும் ஒரே மாதிரி இருப்பது போல மனசும் எங்கும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையில்தான் எங்கள் ஆராய்ச்சியே நடக்கிறது. சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் பதில் மாறும். ஆகவே ஆளைத் தனியாக உட்கார வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் உன்னை வெளியே இருக்கச் சொன்னேன். நீ அதற்கும் கதவை அறைந்து சாத்தினாய்.

'அருகில் இல்லாத யாராவது உங்களோடு பேசுகிறார்களா?' ஆமாம் என்றார். 'அவர்கள் சொல்வதைச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றுகிறதா?' அதற்கும் ஆமாம். சமையலறைக் கதவோரம் கிடக்கும் அம்மாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். பெற்ற அப்பா என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

வார்டு டாக்டர் பொறுமையான மனிதர். மாத்திரை பிடித்துக்கொண்டால் குரல் அடங்கிவிடும் என்றார். வீட்டுக்கு வந்ததும் எப்படி இருக்கிறார் என்று எழுது. திட்டியாவது எழுது.

சின்னவள்


பிப்ரவரி 16

டாக்டரம்மாவுக்கு,

திட்டியாவது எழுது என்றாய் அல்லவா, இந்தா பிடி.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வந்துவிட்டார் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். டாக்ஸியிலிருந்து இறக்கி உட்கார வைத்த இடத்தில் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். "அப்பா, டீ" என்றால் வாங்கிக்கொள்கிறார். ஆறிப்போன பிறகு பார்த்தால் டம்ளர் அப்படியே கையில் இருக்கிறது. நீ விரும்பியபடி குரல் அடங்கிவிட்டது. கூடவே அவர் குரலும் அடங்கிவிட்டது. ரொம்ப சந்தோஷம்.

ஏண்டி, நீ வேற்று வீட்டுப் பெண்ணா? இந்த வீட்டில் வளர்ந்தவள்தானே? அப்பா பஸ் ஓட்டினவர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று தலைக்குப் பின்னால் எழுதி மாட்டிய பலகையோடு வேலை பார்த்தவர், அந்தப் பலகையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்று நாம் இரண்டு பேரும் எத்தனை தடவை சிரித்திருப்போம்! அவர் டிரைவர், அம்மா கண்டக்டர், நாம் இரண்டு பேரும் பயணிகள். நீ எதிரிலேயே நிற்பாய். அவர் அம்மாவைப் பார்த்து, "அவ செருப்பு தேஞ்சு போச்சு, புதுசு வாங்கிக்கச் சொல்லு" என்பார். நீயும் லேசுப்பட்டவளா? "எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லும்மா" என்பாய். அம்மா நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நான் என்ன போஸ்ட் ஆபீசா?" என்று அலுத்துக்கொள்வாள். பேச்சு முற்றினால் கரண்டியால் சுவரில் ஒரு தட்டு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் சாப்பிட வாருங்கள். பஸ் மணி மாதிரி. இதெல்லாம் உன் கேள்வித்தாளில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

நான் ரெடிமேட் கடையில் ஆல்டரேஷன் செய்கிறவள். எங்கோ யாருக்கோ அளவெடுத்து வெட்டின பேண்ட் தினமும் வருகிறது. நீளம் குறைக்கிறேன், இடுப்பைப் பிரித்துத் தைக்கிறேன். பேண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க கால்தான் சார் தப்பு" என்று ஒரு ஆளிடம்கூட நான் சொன்னதில்லை. நீ அப்பாவிடம் அதைத்தான் சொன்னாய்.

அழவும் மாட்டேன், உன்னிடம் கெஞ்சவும் மாட்டேன். ஆனால் ஒன்று. உன்னைக் கூப்பிட்டது நான். நெருப்பைப் பார்த்துப் பயந்துபோய் கூப்பிட்டுவிட்டேன். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அக்கா


மார்ச் 2

அக்கா,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேசைக்காரி, "வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா?" என்று கேட்டாள். இல்லை, அக்கா எழுதியிருக்கிறாள் என்றேன்.

நீ சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் திரைச்சீலை எரிந்ததும் உண்மைதானே? அன்றைக்கு நீ கடைக்குப் போயிருந்தால்? அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கதவுக்கு உள்ளே நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் ஒன்று கேட்பேன். அவர் நாற்காலிப் பக்கம் திரும்புவார். யாரோ சொல்லக் கேட்பது போல மெதுவாகத் தலையை ஆட்டுவார். பிறகுதான் பதில் வரும். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். "சின்னவ இளைச்சுப் போயிட்டாளாம். அங்க சரியா சாப்பிடுறாளா இல்லையான்னு கேளுங்கறா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "இவ எப்பலேருந்து கண்ணாடி போட்டுக்கறான்னு கேக்குறா" என்றார். நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், காலி நாற்காலியிடம் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். குரலின் கட்டளைப்படி கேள்வி கேட்கிறார் என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

ஒன்று மட்டும் எழுதவில்லை. அவர் தலையை ஆட்டியபோது நானும் அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். உடைந்து கம்பி சுற்றிய அந்த நாற்காலிக் கால், அம்மா முதுகுக்கு வைக்கிற தலையணை. தலையணை நடுவில் குழிந்திருந்தது. நீ உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்காக நீ இவ்வளவு பேசுகிறாய். எனக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, தெரியுமா? நான் படிக்கக் கிளம்பிய அன்று நீயும் அம்மாவும் பஸ் நிலையம்வரை வந்தீர்கள். அவர் வாசல்படிகூட இறங்கவில்லை. விடியும் முன்பே டூட்டிக்குப் போய்விட்டார். பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் தாண்டும்வரை அழுதேன். ஒரு வார்த்தை, "போய்ட்டு வா" என்று ஒரே ஒரு வார்த்தை, அம்மா வழியாகவாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அதுகூட வரவில்லை. அப்படிப்பட்டவரை வார்டில் விட்டுவிட்டு வரும்போதும் நான் அழுதேன். அதை நீ நம்ப வேண்டாம்.

சின்னவள்


மார்ச் 25

சின்னவளே,

நம்புகிறேன். விடு.

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேஸை நிறுத்திவிட்டுத்தான் இப்போது கடைக்குப் போகிறேன். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று சொல்லிக் காட்டாதே. உனக்கு முன்னால் நானே சொல்லிக்கொண்டுவிட்டேன்.

அப்பா இளைத்துக்கொண்டே போகிறார். தட்டை முன்னால் வைத்தால் பார்க்கிறார். "சாப்பிடுங்கப்பா" என்று நான் சொல்வது அவர் காதில் விழுகிறது, ஆனால் அவருக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வதில்லை. யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி நாற்காலியைப் பார்க்கிறார். அங்கே ஒன்றும் இல்லை. அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாரே, அந்தப் பார்வையை நீ பார்க்காமல் இருப்பதே நல்லது.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா போன பிறகு அவர் "உங்கம்மா சொல்றா" என்று ஆரம்பித்தபோது முதலில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகியது என்ன, நான் அதற்காகவே வேலை முடிந்து சீக்கிரம் வீட்டுக்கு வர ஆரம்பித்தேன். ஒரு நாள் குனிந்து செருப்பைக் கழற்றும்போது "அம்மா" என்று முனகியிருப்பேன் போல. அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, "பெரியவளுக்கு முதுகு வலியாம். கடையில முக்காலில உக்காந்தா வலிக்காம என்ன செய்யும்னு உங்கம்மா கேக்குறா" என்றார். மறுநாள் கடை வாசலில் ஒரு நாற்காலி வந்து இறங்கியது. முதுகு சாய்கிற நாற்காலி. அவர் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். என்னைப் பார்க்காமல், கூட இருந்த பெண்ணிடம், "இதை உள்ள போடச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் உட்கார்ந்துதான் இன்றைக்கும் தைக்கிறேன்.

என் கையால் பணம் கொடுத்து வாங்கிய மாத்திரை, அந்த அம்மாவை இரண்டாம் தடவை கொன்றுவிட்டது. எனக்கு அம்மா வேண்டும்டி. அவர் வாய் வழியாக வந்தாலும் பரவாயில்லை, எனக்கு அம்மா வேண்டும்.

இன்னொன்று. சிரிக்காதே. அவர் வார்டில் இருந்தபோது வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சமையலறைச் சுவரில் டக் டக் என்று இரண்டு தட்டு. தண்ணீர்க் குழாயாக இருக்கும். குழாய்க்காரனைக் கூப்பிட்டுப் பார்த்தேன், குழாயில் ஒன்றும் இல்லை என்றான். அன்றைக்கு நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன், அவ்வளவுதான் சொல்வேன்.

டாக்டரிடம் போய் மாத்திரையைக் குறையுங்கள் என்றேன். "சேர்த்தவங்க உங்க தங்கச்சி. பரிசோதனை பண்ணினதும் அவங்க. அவங்க எழுதிக் கொடுக்கட்டும், பாக்கலாம்" என்கிறார். எழுதிக் கொடு. இப்படியே போனால் அவர் மழைக்காலம்கூடத் தாண்டமாட்டார். கெஞ்சமாட்டேன் என்று எழுதினேன். இப்போது கெஞ்சுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

டாக்டருக்கு எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் வரும்போது அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். நீ வெளியே போகும்போது கேஸ் மூடியிருக்க வேண்டும், பக்கத்து வீட்டில் சொல்லி வைத்துவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டையும் எனக்காகச் செய்.

உன் கடிதம் மட்டும் என்னை அசைக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், உன் கடிதத்தைப் படித்த பிறகும் இரண்டு நாள் பிடிவாதமாகத்தான் இருந்தேன். அப்புறம் இங்கே ஒரு ஆள் வந்தார்.

ஓய்வு பெற்ற வாட்ச்மேன். வேறு ஏதோ ஊரிலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கூடவே மனைவி. விதிப்படி அந்த அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். எங்கள் அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவரில் கடிகாரம், வேறொன்றும் இருக்காது. நான் கேட்கக் கேட்க அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. 'பதில் இல்லை, பதில் இல்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மா, "அவரை நேரா கேட்டா எப்படிம்மா சொல்லுவாரு? என்னைக் கேளு, நான் அவரைக் கேக்குறேன்" என்று சத்தம் போட்டாள். சலித்துப்போய் உள்ளே விட்டேன். அவள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் தாமதம், மனிதர் மடை திறந்த மாதிரி பேசினார். எல்லாம் அவளைப் பார்த்து. என்னைப் பார்த்து ஒரு சொல் இல்லை. ஆனால் எல்லாம் எனக்காகத்தான் சொன்னார்.

'அருகில் இல்லாத யாராவது பேசுகிறார்களா?' என்ற கேள்வி வந்தது. அந்த அம்மா அவர் சார்பில், "அவங்க அண்ணன் பேசுவாரு. போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு. நல்ல மனுஷன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள், ஊரிலிருந்து விருந்தாளி வந்துபோனதைச் சொல்வது போல.

நான் நினைத்துப் பார்த்தேன். நாளைக்கு இந்த அம்மா செத்துப்போய், இந்த மனிதரை நான் தனியாக உட்கார வைத்தால் அவர் எங்கே பார்ப்பார்? அதற்கு மேல் எனக்குப் பேனா ஓடவில்லை. கழிவறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அப்பாவை நான் தனியாக உட்கார வைத்தேன், அக்கா. என்னோடு. பிறந்ததிலிருந்து என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிராத மனிதரை. கண்டக்டரைக் கீழே இறக்கிவிட்டு டிரைவரைப் பேசச் சொன்னேன். அவர் என்ன செய்வார்? சின்னவ இளைச்சுப் போயிட்டா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கண்ணாடி எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டியிருந்திருக்கிறது. ஒரு தடவைகூட என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று உனக்கு எழுதினேனே, பார்க்காமலா இளைத்ததும் கண்ணாடி போட்டதும் தெரிந்தது? அவர் என்னோடு பேச முயற்சி செய்தார். நான் அதற்கு நோய் என்று பெயர் எழுதி, மாத்திரை கொடுத்து அடக்கினேன்.

அம்மா அங்கே வந்தாளா, அவரே வரவழைத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதுவதற்கு எங்கள் தாளில் கட்டம் கிடையாது. மனசு ஒவ்வொரு மண்டைக்குள்ளும் தனித்தனியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் அந்தத் தாளையே செய்திருக்கிறார்கள். நம் வீட்டில் அது நாலு பேருக்கும் நடுவில், அந்த நாற்காலியில் இருந்திருக்கிறது. இதை எங்கள் தலைமை ஆராய்ச்சியாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல கவனிப்பு. கடைசியில் ஒரு அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம்" என்றாள். அப்பாவும் அம்மாவும் அடிக்குறிப்பில் உட்காரப் போகிறார்கள்.

வரட்டுமா என்று கேட்கத் தைரியம் இல்லை. வந்தால் யார் வழியாகப் பேசுவார்?

சின்னவள்


ஜூன் 4

சின்னவளுக்கு,

இந்தக் கடிதம் கிடைத்த உடனே, நின்ற இடத்திலேயே, நீ நன்றாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதிப் போடு. மற்றதைப் பிறகு படி. போன் செய்தேன். ஆமாம், நான்தான், நாலைந்து தடவை செய்தேன். மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. உன் ஆபீஸ் நம்பர் என்னிடம் இல்லை. எனக்குக் கை ஓடவில்லை.

மாத்திரை குறைந்து குறைந்து, போன மாதம் டாக்டரே நிறுத்திவிட்டார். முதலில் தூக்கம் தெளிந்தது. பிறகு டீயைச் சூடாகக் குடிக்க ஆரம்பித்தார். நான் தினமும் காத்திருந்தேன், இன்றைக்கு "உங்கம்மா சொல்றா" என்பார், நாளைக்குச் சொல்வார் என்று. சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன், "அம்மா ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"உங்கம்மா எழுந்து போயிட்டா. நான் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றதுக்குள்ளயே போயிட்டா. இடம் காலியாத்தான் கிடந்துச்சு" என்றார். நான் உள்ளே போய் முகம் கழுவினேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, நாற்காலிப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். அந்தப் பழைய தலையாட்டல். பிறகு சொன்னார்: "மழை வரும்போல இருக்காம். துணியை எடுக்கச் சொல்றா."

எனக்கு உயிர் வந்தது. "அம்மாவா?" என்றேன்.

"உங்கம்மா இல்ல. சின்னவ."

"அவ ஊர்ல இருக்காப்பா. உயிரோட இருக்கா. அங்க யாரும் இல்ல" என்று கத்தினேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அவ ஊர்ல இருந்தா யார்கிட்ட பேசுவா? பேசணும்னா இங்கதான வரணும்" என்றார், ஏதோ நான்தான் விவரம் தெரியாதவள் மாதிரி. மழையும் வந்தது. அது கிடக்கட்டும், மேகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

மறுநாள் உள்ளே போய் உன் பழைய போர்வையைத் தேடி எடுத்துவந்தார். "சின்னவளுக்குக் குளிருதாம். நடுங்குறா" என்று சொல்லி நாற்காலியின் மேல் போர்த்திவிட்டார். போர்த்துகிற விதம் இருக்கிறதே, ஓரத்தையெல்லாம் உள்ளே செருகி, உட்கார்ந்திருக்கிற ஆளுக்குச் செய்வது போலச் செய்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஓடிப்போய் போனை எடுத்தேன்.

அவர் அந்த நாற்காலியோடு நிறையப் பேசுகிறார். என்னோடும் அம்மாவோடும் பேசினதைவிட அதிகமாக. நேற்று என்னைப் பார்க்காமல் சொன்னார், "நான் அன்னிக்கு வழியனுப்ப வரலைன்னு அவளுக்கு மனசுல இருக்கு. வண்டியை யார் ஓட்டினதுன்னு அவளைக் கேளு." நான் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார்: "அந்த வண்டி எனக்கு டூட்டி இல்ல. கெஞ்சிக் கூத்தாடி மாத்தி வாங்கினேன். கடைசி சீட்டுல உக்காந்து அழுதுக்கிட்டே வந்தா. கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். திரும்பிப் பாக்க முடியுமா, ஸ்டியரிங்க விட்டுட்டு? இறங்கிப் போறப்ப மணியடிச்சு ஒரு வார்த்தை சொல்ல கண்டக்டர்கூட நம்ம ஆள் இல்ல."

அவர் வழியனுப்ப வரவில்லை என்று நீ எனக்கு எழுதியதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. உன் கடிதங்களைக் கடையில்தான் வைத்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது, சின்னவளே. செத்தவர்கள்தானே அந்த நாற்காலிக்கு வருவார்கள்? ஒரு வரி எழுது.

அக்கா


ஜூன் 15

அக்கா,

நன்றாக இருக்கிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே.

நல்ல காய்ச்சல். ஒரு வாரத்துக்கும் மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். போன் அறையிலேயே கிடந்திருக்கிறது. நீ சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமைதான் ஆரம்பித்தது. மறுநாள் பல் கிட்டிக்கொண்டு நடுங்கினேன். இரண்டு கம்பளி போட்டும் நிற்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். பகலில் எப்போதோ ஒரு சமயம் நடுக்கம் தானாக நின்று, யாரோ ஓரங்களை உள்ளே செருகிவிட்ட மாதிரி கதகதப்பாக இருந்தது. நர்ஸாக இருக்கும். எங்கள் படிப்பில் இதற்குத் தற்செயல் என்று பெயர். அப்படியே எழுதிக்கொள்கிறேன். மாற்றி எழுதும் தைரியம் இன்னும் வரவில்லை.

அந்தக் கண்ணாடியை நான் பார்த்தேன், அக்கா. ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்குமே, அது. பஸ் ஆடும்போதெல்லாம் அதுவும் ஆடியது. இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. யாரோ ஒரு டிரைவர், அழுகிற பெண்ணை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறான் என்று எனக்கு ஆத்திரம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். இறங்கும்போது பின் வழியாகவே இறங்கிப் போய்விட்டேன். இத்தனை வருஷமாக நான் அந்தக் கண்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் அப்பாவின் கண்களை.

எனக்கு லீவு கிடைத்துவிட்டது. கிடைக்காவிட்டாலும் வருவேன். ஒரு உதவி செய். அவர் பக்கத்தில் போய், நாற்காலியில் இருப்பவள் சொன்னதாகவே சொல்: சின்னவ கிளம்பிட்டா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்துடுவா. கதவைத் தாழ்ப்பாள் போட வேணாம்னு சொல்றா.

நான் வந்து அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் அவளைப் பார்த்தே பேசட்டும். எனக்குப் பொறாமை இல்லை. அவர் சொல்வதெல்லாம் எனக்குத்தான் என்று இப்போது தெரியும். ஒரே ஒரு பயம்தான். நான் உள்ளே வந்ததும் அவள் எழுந்து போய்விட்டால், பிறகு நாங்கள் இரண்டு பேரும் என்ன செய்வோம்?

சின்னவள்


ஜூன் 20

சின்னவளே,

கடிதம் கிடைத்தது. வாசலிலேயே பிரித்துப் படித்து, அங்கேயே உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் உள்ளே போனேன். காய்ச்சலைச் சொல்லாமல் மறைத்ததற்கு நேரில் வா, வைத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னபடி சொன்னேன். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. நாற்காலியைப் பார்த்துக்கொண்டு, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அவர் செய்வது போலவே தலையை ஆட்டிவிட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து போய் அந்தப் போர்வையை எடுத்து உதறினார். நான்காக மடித்து என் கையில் கொடுத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். நாற்காலியை இல்லை, சின்னவளே, என்னை. என் கண்ணை. எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் முதல் தடவையாக நடுவில் யாரும் இல்லாமல் என்னைக் கேட்டார்:

"எந்த வண்டியில வர்றா? முன்னாடி சீட்டுல உக்காரச் சொல்லு."

காலையிலிருந்து முகம் மழித்துக்கொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் கேட்கவில்லை. நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டார். அதில் யாரும் இல்லை. நான் உற்றுப் பார்த்துவிட்டேன்.

எந்த வண்டி என்று எனக்கு எழுதாதே. போன் பண்ணு. நான் எடுக்க மாட்டேன், அவரை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா